பாதி கம்பளி, பாதி போர்சலின்: ஒரே பின்னலாகச் செய்ய முடியுமா?

ஊசிநூல் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நிட்டிங் எனக்குப் பழகிய கை. மண்வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. கிள்ளிச் செய்வதும் தகடு தட்டிச் செய்வதும் வரும், சக்கரம் இன்னும் கைக்கு வரவில்லை. இரண்டு வேலையையும் சேர்த்து ஒன்று செய்ய வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

என் மனதில் இருப்பது சுவரில் தொங்கும் ஒரு நீளப் பட்டை. மேலே கம்பளி நூல் பின்னல். கீழே வரும்போது அதே கண்ணிகள், அதே வரிசைகள், போர்சலினாக, அதாவது வெண்பீங்கானாக, மாறிவிட வேண்டும். நூல் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குச் சட்டென்று பிடிபடக் கூடாது. பசை வைத்து ஒட்டுவது வேண்டாம். கண்ணியோடு கண்ணி கோத்துத்தான் சேர வேண்டும்.

இதுவரை செய்தது: உள்ளங்கை அளவில் இரண்டு மாதிரி பின்னினேன், ஒன்று பருத்தி, ஒன்று கம்பளி. போர்சலின் குழம்பில் முக்கி, காயவைத்து, 1000 டிகிரியில் சுட்டு வாங்கினேன். உருவம் அசந்துபோகும்படி வந்திருக்கிறது. ஒரு கண்ணி இன்னொன்றுக்குள் புகுந்து மேலேறி வருவதுகூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் விரல் பட்டால் கரும்பலகைச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்கிறது. கம்பளியில் செய்த துண்டு இன்னும் மோசம், உள்ளே வெறும் கூடு.

எந்த நூல் எடுக்க வேண்டும், உறுதி எப்படி வரும், சுட்ட துண்டிலிருந்து கம்பளியை எப்படித் தொடர்வது, இந்த மூன்றும்தான் என் கேள்வி. "எதற்கு இவ்வளவு பாடு, ஈர மண்ணில் பின்னலை அழுத்திப் பதித்தால் போதாதா?" என்று ஒருவர் கேட்டார். பதித்தால் பின்னலின் படம்தான் கிடைக்கும், பின்னல் கிடைக்காது என்பது என் எண்ணம்.

மண்கை சொல்கிறார்:

செய்யலாம். நீங்கள் கேட்டதிலேயே பாதி விடை இருக்கிறது. உதிர்வதற்குக் காரணம் உங்கள் பின்னலும் இல்லை, குழம்பும் இல்லை, சூடுதான். 1000 டிகிரியில் போர்சலின் இன்னும் போர்சலின் ஆகவில்லை. மண்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு லேசாகப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். உள்ளே கண்ணாடியாகும் பொருள் உருகி ஓடித் துகள்களைக் கட்டிப்போட வேண்டுமென்றால், மண்ணின் வகையைப் பொறுத்து 1220 முதல் 1300 டிகிரி வரை போக வேண்டும். மொத்தையான பாத்திரம் என்றால் 1000 டிகிரியில் எடுத்து, கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசி, திரும்ப வைக்கலாம். நூல் கனத்தில் இருக்கும் பொருளை அந்த இடைநிலையில் சூளையிலிருந்து எடுக்கவே கூடாது. பச்சை மண்ணாக உள்ளே போனால் முழுச்சூடு கண்டுதான் வெளியே வர வேண்டும். இந்த வேலைக்கு ஒரே சூடு.

அடுத்தது நூல். கம்பளி வேண்டாம். அதன் இழைமேல் செதில் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, தண்ணீரைத் தள்ளும். குழம்பு வெளியே ஒரு தோலாகப் படியுமே தவிர உள்ளே போகாது. நூல் எரிந்ததும் அந்தத் தோல் மட்டும் மிஞ்சும். நீங்கள் பார்த்த கூடு அதுதான். பருத்தி தண்ணீர் குடிக்கும். அதிலும் மினுமினுப்பு ஏற்றாத, முறுக்கு தளர்ந்த, தடித்த பருத்தி நூலாகப் பாருங்கள். பின்னி முடித்ததும் சோப்புப் போட்டு வெந்நீரில் அலசுங்கள், நூலில் ஒட்டியிருக்கும் மெழுகும் கஞ்சியும் போகட்டும். குழம்பில் போடும்போது மேலோட்டமாக முக்கி எடுக்காமல், உள்ளேயே வைத்து விரலால் பிசைந்து கொடுங்கள். குமிழி வந்துகொண்டே இருக்கும். அது நிற்கும் வரை விடாதீர்கள்.

குழம்பு உள்ளே போயிற்றா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. முக்கிய துண்டோடு அதே நூலில் ஒரு வாலையும் முக்கிக் காயவையுங்கள். காய்ந்ததும் அதைக் குறுக்கே ஒடித்து, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் இழைகள் சுத்தமாகத் தனித்து, சுற்றிலும் வெள்ளை வளையம் தெரிந்தால் அந்தக் குழம்பு ஆகாது. இழை எது மண் எது என்று பிரிக்க முடியாமல் முகம் முழுக்க வெள்ளையாக இருந்தால் நம்பி வைக்கலாம்.

வெறும் தண்ணீர் ஊற்றிக் கரைத்த குழம்பு இதற்கு ஆகாது. நீர் அதிகமானால் சுருக்கமும் அதிகம், கண்ணி கண்ணியாக விரியும். அச்சில் வார்க்கிற குழம்பாக எடுங்கள். சோடியம் சிலிகேட் மாதிரி ஒன்றைத் துளி சேர்த்திருப்பார்கள், அதனால் குறைந்த நீரிலேயே மண் இளகி ஓடும். லிட்டர் 1.7 முதல் 1.8 கிலோ வரை எடை நிற்க வேண்டும். தராசு இல்லையென்றால் விரலை முக்கி எடுங்கள்: ரேகை மறைய வேண்டும், நகத்தின் விளிம்பு தெரிய வேண்டும். முதல் பூச்சு இந்தப் பதத்தில். அது இறுகியதும் கொஞ்சம் காகிதக் கூழ் கலந்த குழம்பைத் தூரிகையால் மேலே தொட்டுக் கொடுத்தால், காய்ந்த பிறகு கையில் எடுக்கும்போது ஒடியாது. கூழை முதல் பூச்சிலேயே கலந்துவிட்டால் அது இழைகளின் வாயை அடைத்துவிடும்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட இடம்: இணைப்பு. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பருத்தித் துண்டைக் கீழிருந்து மேலாகப் பின்னுங்கள். கடைசி வரிசையை மட்டும் இரண்டு அளவு பெரிய ஊசியில் பின்னுங்கள், கண்ணிகள் தாராளமாக நிற்கட்டும். அவற்றை மூடி முடிக்காமல், மெழுகில் தோய்த்த பருத்திக் கயிறு ஒன்றைக் கண்ணிகள் வழியாகக் கோத்துவிட்டு ஊசியை உருவி எடுங்கள். இப்படியே குழம்பில் முக்குங்கள். மெழுகு இருப்பதால் கயிற்றில் குழம்பு ஊறாது. கயிறு இருப்பதால் கண்ணியின் வாய் அடைபடாது. மூங்கில் குச்சியோ ஊசியோ வைத்துவிடாதீர்கள். மண் காயும்போது சுருங்கும், குச்சி சுருங்காது, வரிசையாக எல்லாக் கண்ணியும் தெறிக்கும். கயிறு நெளிந்து கொடுக்கும், பிறகு சூளையில் தானே எரிந்துவிடும். ஈரம் பாதி போனதும் நனைத்த மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு கண்ணியின் உள்விளிம்பையும் ஒருமுறை சுற்றித் துடைத்துவிடுங்கள். அங்கே ஒரு சொட்டு தங்கியிருந்தால் சுட்டபின் அது கத்தி.

சுட்டு வந்ததும் உங்கள் கையில் திறந்த போர்சலின் கண்ணிகள் வரிசையாக இருக்கும். கம்பளி நூலைப் பின்னால் பிடித்து, சின்னக் குரோஷே கொக்கியை முன்னாலிருந்து ஒரு கண்ணிக்குள் விட்டு, நூலை இழுத்து வெளியே எடுத்து ஊசியில் மாட்டுங்கள். அடுத்த கண்ணி, அதற்கடுத்தது. அடுத்த வரிசை பின்னுவது என்பதே இதுதானே? முந்தைய வரிசையின் கண்ணிக்குள்ளிருந்து புதுக் கண்ணியை இழுப்பது. ஆகவே இது இணைப்பே இல்லை, அதே பின்னல்தான் தொடர்கிறது. விறைத்துப்போன கண்ணிக்குள் ஊசி திரும்பாது என்பதால் அந்த ஒரு வரிசைக்குக் கொக்கி, அவ்வளவே.

ஒன்று மட்டும் என் கருத்தாகச் சொல்கிறேன். மேலே போர்சலின், கீழே கம்பளி என்று மாற்றிவிடுங்கள். எடையை உறுதியான பாகம் தாங்கட்டும். கம்பளியிலிருந்து பீங்கானைத் தொங்கவிட்டால் கம்பளி நீண்டுகொண்டே போகும், நீங்கள் ஆசைப்படும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒரு மாதம் தாங்காது.

சூளைப்பக்கம் சொல்கிறார்:

மண்கை சொன்னது சரி. சூளையைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் நான் சேர்க்க வேண்டியது கொஞ்சம் உண்டு.

அக்ரிலிக் கலந்த நூலைச் சூளைக்குள் கொண்டுவரவே வேண்டாம். அது உருகிச் சொட்டும், எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு உட்பட நச்சுப் புகை விடும். லேபிளில் பருத்தி என்று போட்டிருந்தாலும் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போல எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். செயற்கை இழை நுனியில் கறுத்த கெட்டி மணியாக உருண்டுவிடும். பொதுச் சூளை என்றால் உள்ளே நூல் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புகை வரும், அறையின் காற்றோட்டத்தை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

சூட்டை மணிக்கு 60 முதல் 80 டிகிரி என்று மெதுவாக ஏற்றுங்கள். பருத்தி 250 டிகிரியைத் தாண்டியதும் கருக ஆரம்பிக்கும், 400க்குள் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சும் கரிக்கு அதற்கு மேலும் நேரம் வேண்டும், காற்றும் வேண்டும். 700 டிகிரி வரை மேல்துளை திறந்தே இருக்கட்டும். அவசரப்பட்டு மூடினால் கரி உள்ளே சிக்கி, மேல்சூட்டில் மண் கறுக்கும், சில நேரம் கொப்பளிக்கும். முழுச்சூட்டில் போர்சலின் இளகித் தொய்யும் என்பதால் துண்டைத் தட்டையாகப் படுக்கவைத்து, கீழே அலுமினாத் தூளைத் தூவிவிடுங்கள். தூள் இருந்தால் சுருங்கும்போது வழுக்கி நகரும், தட்டில் ஒட்டாது. குவித்து நிறுத்த வேண்டிய வடிவம் என்றால் அதே மண்ணில் முட்டுக் கொடுங்கள், இரண்டும் ஒரே அளவில் சுருங்கும்.

சுட்டபின் கண்ணிகளைத் தேய்ப்பதாக இருந்தால் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

நீங்கள் செய்வது புதுமையான விஷயம்தான், ஆனால் இதற்கு வம்சம் இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலை நினைத்துப் பாருங்கள். 1885இல் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் காப்புரிமை வாங்கிய அந்த வழியில், பருத்தி வலையை உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்து எரிப்பார்கள். நூல் போய்விடும், கண்ணிகளின் உருவத்தில் ஆக்சைடு மட்டும் நிற்கும். அவரே பிறகு 99 சதம் தோரியம் ஆக்சைடு, 1 சதம் சீரியம் ஆக்சைடு என்ற கலவையைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த வெள்ளை ஒளி வந்தது. உங்கள் முதல் மாதிரி போலவே அதுவும் தொட்டால் உதிரும். காரணமும் ஏறக்குறைய ஒன்றே, துகள்களைக் கட்ட நடுவில் கண்ணாடி இல்லை. ஜெர்மன் போர்சலின் பொம்மைகளின் லேஸ் பாவாடையும் இந்த வம்சம்தான். நிஜமான பருத்தி லேஸைக் குழம்பில் தோய்த்து, பொம்மைமேல் மடித்துவைத்துச் சுட்டது.

முப்பதாம்கண்ணி சொல்கிறார்:

நான் மண்ணைத் தொட்டதில்லை, பின்னல் மட்டும்தான். ஆனால் மண்கை சொன்ன கடைசி யோசனையை ஏற்க முடியவில்லை. பின்னல் என்றாலே நீளுவதுதான். நெசவுத் துணியும் பின்னல் துணியும் வேறாவது அங்கேதான். ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் நூல் மிச்சம் இருக்கிறது, இழுத்தால் அது கொடுக்கும். சூளைக்குப் போன பாதி அந்தக் குணத்தை முழுக்க இழந்துவிட்டது, கண்ணிகள் தொடும் இடமெல்லாம் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. அப்படியிருக்க, மிச்சமுள்ள கம்பளிப் பாதியாவது தன் குணத்தைக் காட்ட வேண்டாமா? பீங்கானைக் கீழே வையுங்கள், எடை இழுக்கட்டும், கம்பளி நீளட்டும்.

என்ன நடக்கும் தெரியுமா? இழுவிசை எல்லா வரிசைக்கும் ஒன்றுதான், ஆகவே கம்பளி முழுவதும் நீண்டு அகலத்தில் ஒடுங்கும். ஆனால் இரண்டு இடங்களில் ஒடுங்க முடியாது. மேலே தொங்கவிட்ட கம்பு பிடித்திருக்கிறது, கீழே போர்சலின் தன் அகலத்திலேயே விறைப்பாகப் பிடித்திருக்கிறது. நடுவில் இடுப்பு விழும். விறைத்த கண்ணிகளை ஒட்டிய முதல் சில வரிசைகள் விரிந்து வட்டமாக இருக்கும், அங்கிருந்து மேலே போகப் போகக் கண்ணிகள் மெலிந்து நீளும். சுவரின் அருகே நின்று அதைப் பார்ப்பவர் பீங்கானின் எடையை வரிசை வரிசையாக வாசிக்கலாம். எல்லை தெரியாமல் மறைப்பதைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எல்லா வரிசையும் நிட்டாக (நேர்ப்பின்னலாக) வரும் கார்ட்டர் பின்னல் மட்டும் வேண்டாம், அது நீளவாட்டில் அளவில்லாமல் தொங்கும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (எதிர்ப்பின்னல்) என்று ஸ்டாக்கினெட்டாகவே போங்கள். ஓரம் சுருண்டால் சுருளட்டும், சுருளும் பக்கமும் சுருள முடியாத பக்கமும் ஒரே பட்டையில் இருப்பது நல்லதுதானே.

அப்புறம், பதிப்பதைப் "படம்" என்று தள்ளிவிடாதீர்கள். செக் நாட்டில் பாவ்லோவ் என்ற இடத்தில் கிடைத்த சுட்ட மண் துண்டுகளில் முடிச்சும் நெசவும் பதிந்திருக்கின்றன, 25,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அந்த நூல் மட்கிப் போய்விட்டது, மண் மட்டும்தான் அதைப் பற்றிச் சாட்சி சொல்கிறது. நம் காலத்தில் அலிசா எட்டிங்கர், அனெட் புகான்ஸ்கி போன்ற மண்கலைஞர்கள் பின்னலிலிருந்து அச்செடுத்து போர்சலின் வார்த்துச் செய்த பாத்திரங்களைப் பாருங்கள். கையில் எடுத்தால் விரல் தானாகப் புடைப்பைத் தடவும். கண்ணாடிக் கலைஞர் கரோல் மில்ன் இன்னொரு பக்கம் போய், மெழுகு இழையில் பின்னி, அச்சுக்குள் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் கண்ணாடியை ஓடவிட்டுப் பின்னலைக் கண்ணாடியாகவே செய்கிறார். உங்கள் வேலைக்குப் பதிப்பு ஒத்துவராது, அது சரி. ஆனால் அது குறைந்த வழி இல்லை.

ஊசிநூல்:

ஒவ்வொரு பதிலையும் திரும்பத் திரும்பப் படித்தேன். மெழுகுக் கயிறு யோசனையைப் படித்ததும் எழுந்து போய் ஊசியை எடுத்துவிட்டேன்.

முப்பதாம்கண்ணி சொன்னதில் எனக்கு மனம் மாறிவிட்டது. எல்லையை மறைப்பது என்பது ஒரு வித்தை காட்டுவதுதான். எடை நூலில் தெரிவது அந்த இரண்டு பொருளுக்கும் நடுவே நடக்கும் நிஜம். பீங்கான் கீழேயே இருக்கட்டும், இடுப்பு விழட்டும். பதிப்பு பற்றி நான் சொன்னதும் அவசரப் பேச்சுதான், ஒப்புக்கொள்கிறேன்.

மண்கைக்கு ஒரு கேள்வி. இணையும் வரிசையில் இரண்டு பக்கமும் ஒரே அகலம் வேண்டும். என் கம்பளிப் பின்னல் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, பட்டை 40 கண்ணி. மண் சுருங்குமே, பருத்தியை எவ்வளவு பெரிதாகப் பின்ன வேண்டும்? கூர்மையான விளிம்பு நூலை அறுக்காமல் இருக்க கிளேஸ் பூசலாமா?

மண்கை:

நல்ல முடிவு. கீழே வைப்பது என் கைக்கு வராத யோசனை, இடுப்பு விழும் என்று படித்ததும் எனக்கும் அதைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

கிளேஸ் வேண்டாம். முக்கினால் கண்ணியின் வாயை அடைக்கும், பள்ளத்தில் தேங்கிக் கண்ணிகளின் கூர்மையை மழுக்கும். போர்சலின் முழுச்சூடு கண்டுவிட்டால் கிளேஸ் இல்லாமலே நீர் குடிக்காது, முட்டை ஓடு மாதிரி மங்கலான வெண்மை வரும், கம்பளிக்கு அருகில் அதுதான் அழகு. மேல்வரிசைக் கண்ணிகளை மட்டும் நனைத்துத் தேய்க்கும் சிலிக்கன் கார்பைடு உப்புத்தாளைக் குச்சியாகச் சுருட்டி, சொரசொரப்பு எண் 220, 400, 600 என்று படிப்படியாக நனைத்து நனைத்து உள்ளே தேயுங்கள். பிறகு ஒரு தனிக் கம்பளி இழையைக் கண்ணிக்குள் விட்டு முன்னும் பின்னும் பலமுறை இழுத்துப் பாருங்கள். இழையில் பிசிறு எழுந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். முதல் வரிசையைப் பின்னும்போது கம்பளியோடு மெல்லிய லினன் நூல் ஒன்றையும் சேர்த்துப் பிடித்தால் தேய்மானத்தை அது வாங்கிக்கொள்ளும்.

அளவுக்கு வருவோம். போர்சலின் மொத்தத்தில் 12 முதல் 15 சதம் வரை சுருங்கும். உங்கள் குழம்பு எவ்வளவு என்று உங்கள் சூளைதான் சொல்ல வேண்டும். அதே பருத்தியில் ஒரு மாதிரி பின்னி, முக்கிய உடனே அகலத்தை அளந்து எழுதிவைத்து, சுட்டபின் திரும்ப அளந்து பாருங்கள். ஒரு கணக்குக்கு 13 சதம் என்று வைத்தால், 40 கண்ணி கம்பளியில் 20 சென்டிமீட்டர். பருத்தித் துண்டு ஈரத்தில் 23 சென்டிமீட்டர் இருந்தால் சுட்டபின் 20 வரும். அதாவது 10 சென்டிமீட்டருக்கு சுமார் 17 கண்ணி விழும்படி ஊசியைத் தேர்ந்தெடுங்கள். நூலும் அதற்கேற்பக் கொஞ்சம் தடித்ததாக இருக்கட்டும், கண்ணியோடு நூலின் கனமும் சுருங்கும்.

சுட்டு வந்ததும் நேரே பின்ன உட்காராதீர்கள். துண்டை எடை போடுங்கள். அதே எடையை ஒரு பையில் போட்டு, அதே 40 கண்ணிக் கம்பளி மாதிரியில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். எவ்வளவு நீள்கிறது என்று பார்த்துவிட்டு, முழுப் பட்டைக்கு எத்தனை வரிசை என்று அப்புறம் முடிவு செய்யலாம். துண்டு எதிர்பார்த்ததைவிட கனமாக வந்தால் பட்டையைக் குறையுங்கள், பீங்கானைக் குறைக்க வேண்டாம்.